குழந்தையின் சொற்களை மொழி பார்க்காமல் எண்ணுங்கள்

18 மாதத் தடுப்பூசிக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே, குழந்தை சொல்லும் எல்லாச் சொற்களையும், எந்த மொழியானாலும் சரி, ஒரே தாளில் எழுதி 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்துக்குள் (தென்னாப்பிரிக்காவில் குழந்தையின் தடுப்பூசி, வளர்ச்சி விவரங்களைக் குறிக்கும் புத்தகம்) வையுங்கள். பேச்சைப் பற்றி நர்ஸ் கேட்கும்போது காட்டலாம். பாட்டியிடம் 'தண்ணி', அம்மாவிடம் 'ஷூ', பார்த்துக்கொள்ளும் ஜூலு அக்காவிடம் 'அமன்ஸி' (ஜூலுவில் தண்ணீர்). நாயைக் கண்டால் எப்போதும் 'பௌ பௌ' என்றால் அதுவும் ஒரு சொல்தான். கை நீட்டிக் காட்டுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டில் அது பேசுவதை அரை நிமிடம் போனில் படமெடுங்கள்.

இங்கே டர்பன் நகரப் பக்கம் பல வீடுகளில் குழந்தையின் பேச்சு இரண்டு மூன்று மொழிகளில் பிரிந்து கிடக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் எண்ணினால் நன்றாக வளரும் பிள்ளைகூடப் பின்தங்கியதுபோலத் தெரியும். அதோடு, ஊசியைப் பார்த்துப் பயந்த குழந்தை நர்ஸ் முன்னால் வாயே திறக்காது.

ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, அல்லது முன்பு சொன்ன சொற்களை விட்டுவிட்டது என்றால், தாள் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த ஊசித் தேதிவரை காத்திருக்காமல் உடனே போய், காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'ரெண்டு மொழி குழப்புது, தானா சரியாகும்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு கிளினிக்கில் கட்டணமும் இல்லை.