தடுப்பூசிக் காய்ச்சல்: பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்

6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும்) ஊசி போட்ட அன்று மாலையே பல குழந்தைகளுக்கு உடம்பு சுடும். அதிலிருக்கும் கக்குவான் இருமலுக்கான தடுப்பு மருந்துதான் பெரும்பாலும் காரணம். ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். அதை அடக்கும் அவசரத்தில் நாம் செய்வதுதான் சில சமயம் வினையாகிறது.

பெரிய தவறு மருந்தளவில். பாராசிட்டமாலை வயதுக்கு அல்ல, எடைக்குத்தான் கணக்கிட வேண்டும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்கு 125 மி.கி., சிலவற்றில் 250. ஆக, 5 கிலோ குழந்தைக்கு 50 மி.கி. கொடுக்க, சொட்டு மருந்தில் அரை மில்லி போதும். 125 சிரப்பில் 2 மில்லி வேண்டும். "அக்கா பிள்ளைக்கு 2 மில்லிதானே கொடுத்தோம்" என்று சொட்டு மருந்தை 2 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும். அடி விழுவது கல்லீரலுக்கு. லேபிளைப் படியுங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். ஊசி போட்ட அன்று பார்த்த எடை தடுப்பூசி அட்டையில் இருந்தால் அதையே வைத்துக் கணக்கிடலாம். வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. 3 மாதம் நிரம்பாத குழந்தை என்றால் முதல் வேளைக்கு முன்பே செவிலியரையோ மருத்துவரையோ கேட்டுவிடுங்கள். சளி சிரப்பைக் கூடவே கொடுக்காதீர்கள், அதிலும் பாராசிட்டமால் இருக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

காய்ச்சல் வருமுன்பே "எதற்கும் இருக்கட்டும்" என்று மருந்து கொடுப்பவர்களும் உண்டு. செக் குடியரசில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகளின் எதிர்ப்பாற்றல் குறைவாகவே உருவானது. மருத்துவர் சொன்னால் ஒழிய, வந்த பிறகு கொடுத்தால் போதும்.

உடம்பு சுடும் குழந்தைக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் எதற்கு? மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஐஸ் தண்ணீரில் துடைத்தால் குழந்தை நடுங்கும், சூடு இன்னும் ஏறும். ஊசி போட்ட தொடையை எண்ணெய் தேய்த்து நீவுவது, மஞ்சள் பூசுவது, சூடு ஒத்தடம் எதுவும் வேண்டாம். 6 மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தண்ணீரும் தேவையில்லை, அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள்.

நாள் கணக்கிலும் பலர் குழம்புகிறார்கள். 9 மாதத்தில் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குக் காய்ச்சல் அன்றே வராது. 5 முதல் 12 நாள் கழித்து, சில நேரம் லேசான தடிப்போடு வரும். அதற்குள் ஊசி போட்டதையே வீட்டில் மறந்திருப்பார்கள். மாறாக, பென்டாவேலன்ட் போட்டு ஐந்தாம் நாள் புதிதாகக் காய்ச்சல் வந்தால் அதை ஊசியின் தலையில் கட்டாதீர்கள், வேறு நோயாக இருக்கலாம்.

வலிப்பு, மூச்சுத் திணறல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, 3 மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, 2 நாளைத் தாண்டும் காய்ச்சல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் காய்ச்சல் மட்டும் வந்து போயிருந்தால், அதைக் காரணம் காட்டி அடுத்த தவணையைத் தள்ளிப்போட வேண்டாம்.