புத்தகத்தைத் திறக்க முன் விடையை ஊகித்து எழுதுங்கள்

புதுப் பாடம் படிக்க இருக்கும்போது முதலில் எடுக்க வேண்டியது புத்தகமல்ல, கடந்தகால வினாத்தாள். அந்த அலகுக்குரிய கேள்விகளில் ஐந்தாறைக் கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மனதில் பட்ட விடையைப் பேனையால் எழுதுங்கள். கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். "தெரியாது" என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது. பிழையென்றாலும் ஏதாவது ஒரு விடை வேண்டும்.

உதாரணமாக ஒரு கேள்வி: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சில ஏன் உவராகின்றன? "கடல் கிட்ட" என்று பிள்ளை எழுதும். பிழையில்லை, ஆனால் முழு விடையும் இல்லை. பிறகு பாடத்தில், சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது, மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டம் 1 அடி இறங்கினால் கோட்பாட்டின்படி கீழே உவர்நீர் ஏறக்குறைய 40 அடி ஏறும் என்று வாசிக்கையில், அந்த 40 சும்மா கடந்து போகாது. தான் எழுதியதில் எது குறைந்தது என்று பிள்ளைக்கு அப்போதே விளங்கும். சரியான விடையை வலப்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதட்டும்.

2009 இல் கோர்னெல், ஹேஸ், பியோர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் சொற்சோடிகளை வைத்து, ஒரு சொல்லைக் காட்டி அதன் சோடியை ஊகிக்கச் சொல்லி, இதைச் சோதித்தார்கள். 8 செக்கன் ஊகித்துப் பிழைவிட்டு, விடையை 5 செக்கன் மட்டும் பார்த்தவை, 13 செக்கனும் விடையைப் பார்த்துப் படித்தவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. பிள்ளை பிழைவிட்டால் தயவுசெய்து ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை ஊகிக்காது, விடையைப் பார்த்துத்தான் எழுதும்.

இது பலிக்காமல் போவதற்கு முக்கிய காரணம், ஊகித்ததைச் சரிபார்க்காமல் விடுவது. பிழை அப்படியே மனதில் தங்கிவிடும். எழுதிய கையோடு பாடத்தை வாசிக்க வேண்டும். முன்பின் எந்தத் தொடர்பும் தெரியாத புதுப் பெயர்கள், குறியீடுகளுக்கு ஊகம் பெரிதாக உதவாது, அவற்றை நேரே படியுங்கள். இன்னொன்று: பயன் பெரும்பாலும் கேட்ட கேள்விகளோடு நின்றுவிடும். விடையை மட்டும் தேடிப் பக்கம் புரட்டினால் மிச்சப் பாடம் தவறிப்போகும், ஆகவே தலைப்பு முதல் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும்.

"இது நிச்சயம் சரி" என்று நம்பி எழுதிப் பிழைவிட்ட கேள்விகளுக்குப் பக்கத்தில் புள்ளி ஒன்று வையுங்கள். திருத்தியவுடன் அவை நன்றாக மனதில் ஏறும், ஆனால் ஒரு வாரத்தில் பழைய பிழை திரும்பி வரக்கூடும். அடுத்த நாள் எல்லாக் கேள்விகளையும் வலப்பக்கத்தை மூடிவைத்து எழுதுங்கள். ஏழாம் நாள் புள்ளி வைத்தவற்றை மட்டும்.