நடுத்தர வலு ரொக்கெட் கிட்: மேசையிலும் வயலிலும் விடக்கூடாத பிழைகள்

நாமே கட்டிப் பறக்கவிடும் ரொக்கெட் கிட் பெட்டியில் நீளம், விட்டம், எடை, போடக்கூடிய மோட்டார்கள் எல்லாம் அச்சடித்திருக்கும். அதில் எடை என்று போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் பாதிப் பிழைகள் தொடங்குகின்றன. அது கம்பனியில் கட்டிப் பார்த்த ரொக்கெட்டின் எடை. நம் வீட்டு மேசையில் கட்டியதில் பசை கூடியிருக்கும், பெயின்ற் இரண்டு பூச்சு அதிகமாகியிருக்கும், கயிறு தடித்ததாக மாறியிருக்கும். 600 கிராம் என்று நினைத்துக்கொண்டிருப்பது தராசில் 800 காட்டும். எந்த மோட்டார் போதும், ரொக்கெட் நேராகப் போகுமா, பரசூட் எப்போது திறக்கவேண்டும், என்ன வேகத்தில் கீழே வரும் என்ற எல்லாவற்றையும் அந்த 200 கிராம் மாற்றிவிடும். சமையலறைத் தராசு ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

நடுத்தர வலு என்று பொதுவாகச் சொல்வது ஈ, எஃப், ஜீ வகை மோட்டார்களில் பறக்கும் ரொக்கெட்டுகளை. ஈ வகையின் மொத்தக் கணத்தாக்கு (சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது) 20 முதல் 40 நியூட்டன் செக்கன், எஃப் 40 முதல் 80, ஜீ 80 முதல் 160. எழுத்து ஒன்று கூடினால் வலுவின் மேலெல்லை இரட்டிப்பாகும். சிறுவர் கிட்டில் பழகியவர்கள் இதை அதே விளையாட்டின் கொஞ்சம் பெரிய வடிவம் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் ஒரு கிலோவுக்குக் கிட்டிய பொருள் சில நூறு மீற்றர் உயரத்திலிருந்து பரசூட் இல்லாமல் வந்தால் கூரைத் தகரம் தாங்காது.

மோட்டாரும் அனுமதியும்

கிட்டில் மட்டைக் குழாய், மூக்குக் கூம்பு, செட்டைகள், பரசூட் இருக்கும், மோட்டார் இருக்காது. “வரும்போது அதையும் சூட்கேசில் போட்டுக்கொண்டு வாங்கோ மாமா” என்று வெளிநாட்டில் இருப்பவரிடம் கேட்கவே கேட்காதீர்கள். ரொக்கெட் மோட்டாரைப் பயணி விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பொதியிலும் போட முடியாது. அகப்படுவது அந்த மாமா. இங்கே இலங்கையில் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் இருக்கிறது. எரிபொருள் அடைத்த மோட்டாரை இறக்குமதி செய்வதையும் வீட்டில் வைத்திருப்பதையும் எழுத்திலான அனுமதி இல்லாமல் நினைத்தும் பார்க்கக்கூடாது. தனியாளாகக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலைவதைவிட, ஒரு பாடசாலையோ பல்கலைக்கழகத் துறையோ பொறுப்பெடுத்துக் கேட்பதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். அனுமதி வரும்வரை கட்டுங்கள், நிறுங்கள், கணினியில் பறக்கவிடுங்கள். படிப்பதற்கு அதிலேயே நிறைய இருக்கிறது.

மோட்டார் கிடைக்கவில்லை என்பதற்காகச் சீனவெடி மருந்தையோ, யானை விரட்டும் யானைவெடியின் மருந்தையோ கொட்டிக் குழாயில் அடைக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுங்கள். அது ஒரே நொடியில் வெடிப்பதற்குச் செய்த மருந்து, சீராக எரிவதற்கு அல்ல. யானைவெடி கையில் வெடித்தால் என்ன ஆகும் என்று மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மோட்டாரின் உடம்பில் ‘ஜீ80-7’ என்பது போல ஒரு குறி இருக்கும். எழுத்து மொத்த வலுவின் வகை. 80 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்தபின் எத்தனை செக்கன் கழித்துப் பரசூட்டைத் தள்ளும் மருந்து பற்றும் என்பது. எழுத்தை மட்டும் பார்த்து மோட்டாரைத் தெரிவுசெய்வது பெரும் பிழை. ஏவும்போது உந்துவிசை ரொக்கெட்டின் நிறையைப்போல் ஐந்து மடங்காவது இருக்கவேண்டும் என்பது பொது விதி. மோட்டாரோடு சேர்த்து 600 கிராம் என்றால் ஏறத்தாழ 30 நியூட்டன் வேண்டும்; சராசரி 32 நியூட்டன் தரும் எஃப் மோட்டார் போதும். அதே ரொக்கெட் 800 கிராம் ஆகிவிட்டால் 39 நியூட்டன் தேவை. இப்போது அதே எஃப் மோட்டார் நான்கு மடங்கைத்தான் தொடும். புறப்படும்போது நேராகப் பிடித்திருக்கும் ஏவுகம்பியை விட்டு ரொக்கெட் மெதுவாக வெளியேறும், காற்றுக்குச் சரியும்.

கடைசி எண்ணிலும் எடைதான் விளையாடுகிறது. பாரம் கூடிய ரொக்கெட் அவ்வளவு உயரம் போகாது, உச்சியை முன்கூட்டியே அடைந்துவிடும். பெட்டியில் சொன்ன ஏழு செக்கனை நம்பியிருந்தால், மருந்து பற்றும் நேரத்தில் ரொக்கெட் தலைகீழாக வேகமெடுத்திருக்கும். அந்த வேகத்தில் பரசூட் திறந்தால் துணி கிழியும், கயிறு மட்டைக் குழாயை மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டு போகும். சில மோட்டார்களில் இந்த இடைவேளையைச் சிறு கருவியால் துளைத்துக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆகவே கூடிய இடைவேளை உள்ளதை வாங்கி, நிறுத்த எடைக்குக் கணக்குப் பார்த்துக் குறைப்பது நல்லது.

கட்டும் மேசையில்

நம் ஊர் ஈரக் காற்றை எந்தக் கிட்டின் அறிவுறுத்தலும் கணக்கில் எடுப்பதில்லை. மாரி காலத்தில் பல்சாப் பலகை வளையும், மட்டைக் குழாய் ஊதும். பொருட்களைப் பொலித்தீன் பையில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். செட்டைகளை ஒட்டும்வரை ஒரு பாரமான புத்தகத்துக்குக் கீழே வைப்பது நல்லது. மழை நாளில் ஸ்பிரே பெயின்ற் அடித்தால் வெள்ளைப் புகை படிந்ததுபோல் மங்கிப்போகும். அதை மறைக்க இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று என்று போனால் எடைதான் ஏறும்.

எப்பொக்சிப் பசை விடயத்தில் இரண்டு தவறுகள் சேர்ந்தே வரும். ஐந்து நிமிடப் பசை நமது வெக்கையில் ஐந்து நிமிடம் தாங்காது. செட்டையை நேராக்குவதற்குள் இறுகிவிடும். மோட்டார் குழாயை உள்ளே தள்ளும்போது பாதியில் இறுகினால் அந்தக் கிட்டே போச்சு. முப்பது நிமிடப் பசையை, காலை வெயில் ஏறமுன் பயன்படுத்துங்கள். அடுத்தது, பலமாக இருக்கட்டும் என்று செட்டை அடியில் பசையை அள்ளி அப்புவது. குழாயின் மினுங்கும் மேற்பரப்பைச் சான்ட் பேப்பரால் உரசாமல் எவ்வளவு அப்பினாலும் பிடிக்காது. உரசிவிட்டால் மெல்லிய வரம்பே போதும். மேலும் அந்தப் பசையெல்லாம் சேர்வது வால் பக்கத்தில். ஒரு ரொக்கெட் நேராகப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த வால் பாரந்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஒரு விரலில் ரொக்கெட்டைப் படுக்கவைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டால் அது பாரமையம். பறக்கும்போது காற்று தள்ளும் விசை முழுவதும் ஒரு புள்ளியில் விழுவதாக எடுத்தால் அது அமுக்கமையம். பாரமையம் மூக்குப் பக்கமாக, அமுக்கமையத்துக்குக் குறைந்தது ஒரு உடல் விட்ட தூரம் முன்னால் இருக்கவேண்டும். 66 மில்லிமீற்றர் குழாய் என்றால் 66 மில்லிமீற்றர். அப்போதுதான் ரொக்கெட் கொஞ்சம் சரிந்தாலும் செட்டைகள் அதைத் திருப்பிக் கொண்டுவரும். இரண்டும் ஒன்றாகிவிட்டால், அல்லது இடம் மாறிவிட்டால், ரொக்கெட் கம்பியை விட்டதும் வானில் சுழன்று எந்தப் பக்கமும் பாயும், பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் பக்கமும்.

அமுக்கமையத்தைக் கணக்கிடும் வழியை நாசாப் பொறியியலாளர் ஜேம்ஸ் பரோமன் 1966 இல் பொழுதுபோக்காளர்களுக்குக் கொடுத்தார். இன்று ஓப்பன் ரொக்கெட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்துவிடும். ஆனால் அதில் பலர் விடும் பிழை, மென்பொருள் தானாகச் சொல்லும் எடையோடு விட்டுவிடுவது. கட்டி முடித்து, பெயின்ற் காய்ந்து, பரசூட்டும் கயிறும் உள்ளே வைத்து, மோட்டாரும் போட்ட நிலையில் நிறுத்த எடையையும், விரலில் கண்ட பாரமையத்தையும் அதில் மாற்றிப் போடவேண்டும். மோட்டார் இல்லாமல் பாரமையம் பார்ப்பது பயனில்லை; ஜீ மோட்டார் வாலில் ஏறினால் புள்ளி பல சென்ரிமீற்றர் பின்னுக்குப் போகும். போதாவிட்டால் மூக்குக்குள் சிறிது ஈயமோ களிமண்ணோ அசையாமல் ஒட்டிவிட்டு, மறுபடி நிறுத்து, மோட்டாரையும் மறுபடி யோசிக்கவேண்டும்.

மூக்குக் கூம்பைப் பிடித்துத் தூக்கினால் ரொக்கெட் தொங்கவேண்டும், மெல்ல உதறினால் கழலவேண்டும். ஈரத்தில் குழாய் இறுகியிருந்தால் தள்ளும் மருந்து பற்றியும் பரசூட் வெளியே வராது. பரசூட்டை முதல் நாளே மடித்து வைக்காதீர்கள், புழுக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வயலில் வைத்து, கொஞ்சம் முகப் பவுடர் தூவி மடியுங்கள். சூட்டிலிருந்து காக்கத் தீப்பிடிக்காத துணியோ பஞ்சோதான் வைக்கவேண்டும். பத்திரிகைத் தாளைக் கசக்கி வைத்தால் எரிந்துகொண்டு கீழே விழும்.

வயலில்

வேளாண்மை வெட்டிய வயலைவிட நல்ல ஏவுதளம் இங்கே கிடையாது. ஜீ மோட்டாருக்கு ஏறத்தாழ 300 மீற்றர் பக்கமுள்ள வெளி வேண்டும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் அது தாராளமாக உண்டு. வெறும் வயல்தானே என்று கேட்காமல் இறங்குவது பிழை. வயல் சொந்தக்காரரான போடியாரிடம் கேளுங்கள், வயல்களை மேற்பார்க்கும் வட்டவிதானைக்குச் சொல்லுங்கள், பொலிசில் எழுத்தில் கொடுங்கள். மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தோடு ஒட்டி இருக்கிறது, அம்பாறைப் பக்கம் உகணையில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடமும் கேட்டாகவேண்டும். அயலில் உள்ள வீடுகளுக்கு முதல் நாளே போய்ச் சொல்லுங்கள். 2007 வரை போரின் செல் சத்தத்தில் வாழ்ந்த ஊர்கள் இவை. ‘உஸ்’ என்று ஒன்று புகைவிட்டு எழும்பினால் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடும். எந்த அனுமதிக் கடிதத்தையும்விட இந்தச் சொல்லி வைப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வெட்டிய வயலில் வைக்கோல் காய்ந்து கிடக்கும். கம்பியைச் சுற்றித் துப்புரவாக்கி, தண்ணீர் தெளித்து, வாளிகளும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வைக்கவேண்டும். பொறி பறக்கும் வகை மோட்டார் இந்த நிலத்துக்கு வேண்டாம்.

காற்றை இரண்டு முறை யோசிக்கவேண்டும். ஏறும்போது ரொக்கெட் காற்று வரும் பக்கம் சாயும். பரசூட்டில் இறங்கும்போது காற்று போகும் பக்கம் போகும். 400 மீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்கு 5 மீற்றராக இறங்க 80 செக்கன் ஆகும். காற்றும் அதே வேகமென்றால் 400 மீற்றர் தள்ளிப் போய்விடும். படுவான்கரையில் கச்சான் அடிக்கும்போது அந்த 400 மீற்றரின் முடிவில் வாவி இருக்கலாம். காற்று மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டினால் அன்று ஏவ வேண்டாம். விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும். பெரிய பரசூட் போட்டால் பத்திரமாக இறங்கும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

ரொக்கெட்டை ஏவுகம்பியில் ஏற்றியபிறகே பற்றவைக்கும் வயரை மோட்டாருக்குள், எரிபொருளின் மேல் நுனி தொடும்வரை செலுத்துங்கள். வழியில் நின்றால் பற்றாது. மோட்டார்சைக்கிளின் 12 வோல்ற் பற்றரி போதும். எல்லாரும் குறைந்தது 9 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும், பிள்ளைகள் இன்னும் தூரத்தில். பற்றாவிட்டால் ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். பற்றவைக்கும் கருவியின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து, ஒருவர் மட்டும் போகவேண்டும்.

இறங்கிய ரொக்கெட் மின்கம்பியில் தொங்கினால் தடி கொண்டு தட்டாமல் மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வாவியில் விழுந்தால் முதலை உள்ள தண்ணீர் என்பதை மறந்து நீந்தப் போகாதீர்கள், தோணிக்காரரைக் கேளுங்கள். பற்றைக்குள் விழுந்ததைத் தேடுவதை மாலை மங்கமுன் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு அது யானை நடமாடும் நேரம்.