நல்ல பேக்லிங்க் சேர்ப்பது எப்படி? விட்டுப்போனதை மீட்பதில் தொடங்குங்கள்

பேக்லிங்க் என்பது மற்ற தளங்கள் உங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும் லிங்க். கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை இரண்டு கேள்விகளில் நின்றது: ஒரு பக்கத்துக்கு யாரெல்லாம் லிங்க் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவர்களுக்கு என்ன மதிப்பு. கூகுள் இன்று கணக்கில் எடுப்பவை எவ்வளவோ பெருகிவிட்டன. ஆனாலும் லிங்க்குக்கு உள்ள எடை போய்விடவில்லை. அதனால்தான் பேக்லிங்க்கை மொத்தமாக விற்கும் கடைகளும் மூடப்படவில்லை. அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரு லிங்க் கண்ணில் பட்டால், கூகுளே இல்லாவிட்டாலும் யாராவது அதைச் சொடுக்கி உங்கள் தளத்துக்கு வருவார்களா என்று மட்டும் பாருங்கள். வருவார்கள் என்றால் அது உழைப்புக்குத் தகுந்த லிங்க்.

சிறுதானியம் விற்கும் ஒரு சின்ன தளத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை புது லிங்க் தேடுவது அல்ல. ஏற்கெனவே கிடைத்து வீணாகிக் கிடப்பதை மீட்பது. கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலில் பக்கங்களின் இண்டெக்ஸிங் (கூகுள் தன் பட்டியலில் சேர்ப்பது) அறிக்கையைத் திறந்து, 404 (பக்கம் இல்லை) என்று காட்டும் முகவரிகளைப் பாருங்கள். தளத்தைப் புதுப்பித்தபோது முகவரி மாறிய பழைய பக்கங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். சந்தேகப்படும் முகவரியை மேலே உள்ள யூஆர்எல் பரிசோதனைப் பெட்டியில் போட்டால், கூகுள் எந்தப் பக்கத்தின் வழியாக அங்கே வந்தது என்பது பல சமயம் தெரியும். சொந்தத் தளத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் ஏரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற கருவியிலும் உடைந்த பேக்லிங்க்குகளைத் தனியாகப் பார்க்கலாம்.

வெளியிலிருந்து லிங்க் வரும் ஒவ்வொரு பழைய முகவரியையும், அதே விஷயத்தைச் சொல்லும் புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) செய்யுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பலர் செய்யும் தவறு. சம்பந்தமில்லாத இடத்துக்குத் திருப்பினால் கூகுள் அதையும் ‘சாஃப்ட் 404’ (இல்லாத பக்கத்துக்குச் சமம்) என்றே எடுத்துக்கொள்ளும், பலன் கிடைக்காது. போட்ட ரீடைரக்ட்டை குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காதீர்கள்.

அடுத்து, கடைப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு லிங்க் கொடுக்காமல் விட்ட கட்டுரைகள் இருந்தால், எழுதியவருக்கு இரண்டு வரி அனுப்பினாலே போதும். அவருக்கு உங்களை ஏற்கெனவே தெரியும் என்பதால் மறுப்பது குறைவு.

இதற்குப் பிறகுதான் புது லிங்க். ‘தினை 1 கிலோ’ என்று விலை போட்ட பக்கத்துக்கு யாரும் சும்மா லிங்க் தரமாட்டார்கள். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றில் எதை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, ஒரு டம்ளருக்குத் தண்ணீர் எவ்வளவு, குக்கரில் எத்தனை விசில், திறந்த பாத்திரத்தில் எத்தனை நிமிடம் என்று நீங்களே சமைத்து அளந்து ஒரே அட்டவணையாகப் போடுங்கள். சமையல் எழுதுபவர், உணவு ஆலோசகர், பள்ளி ஆசிரியர் என்று பலருக்கும் அது தேவைப்படும். அந்தப் பக்கத்திலிருந்து விற்பனைப் பக்கங்களுக்கு உள்லிங்க் கொடுக்க மறக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் மதிப்பு கடைப் பக்கம் வரை போய்ச் சேர அதுதான் வழி.

இனி, கேட்க வேண்டியவர்களைத் தேடுங்கள். சிறுதானியம் பற்றி மற்றவர்கள் எழுதிய பக்கங்களில் செத்துப்போன லிங்க் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டு, அங்கே முன்பு என்ன இருந்தது என்று படியுங்கள். உங்கள் பக்கம் அந்த இடத்தை உண்மையிலேயே நிரப்பினால் மட்டும் எழுதுங்கள். கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

“வணக்கம். உங்கள் சிறுதானியக் கட்டுரையின் மூன்றாவது பத்தியில் வரகு சமைக்கும் முறைக்குக் கொடுத்திருக்கும் லிங்க் இப்போது திறக்கவில்லை. அதே விவரம் தண்ணீர் அளவோடு எங்கள் பக்கத்தில் இருக்கிறது, முகவரி கீழே. பொருத்தமாகப் பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

எந்தப் பத்தி, எந்த லிங்க் என்று சொன்னால்தான் நீங்கள் படித்துவிட்டு எழுதுகிறீர்கள் என்பது புரியும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் போனால் தொந்தரவு.

லிங்க்கில் எந்தச் சொல் வர வேண்டும் என்று நீங்கள் கட்டளையிடாதீர்கள். வரும் லிங்க் எல்லாவற்றிலும் ‘சிறந்த சிறுதானியக் கடை’ என்றே இருந்தால் அது இயல்பாக வந்ததல்ல என்று பார்த்தவுடனே தெரியும். 2012 ஏப்ரலில் வந்த கூகுளின் பெங்குவின் அப்டேட் இப்படிப்பட்ட தளங்களைத்தான் கீழே தள்ளியது. இலவச பாக்கெட் அனுப்பி, பதிலுக்கு லிங்க் வாங்குவதும் கூகுளின் விதிப்படி ஸ்பாம்தான். பலருக்கு இது தெரிவதில்லை. பணமோ பொருளோ கைமாறினால் அந்த லிங்க்கில் ‘ஸ்பான்சர்டு’ (விளம்பர லிங்க்) அல்லது ‘நோஃபாலோ’ (ரேங்க்குக்கு எடுக்காதே) குறி இருக்க வேண்டும். விளம்பரமாக அதில் தவறில்லை. ரேங்க்கை மட்டும் அதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. விக்கிபீடியாவில் போய் லிங்க் சொருகுவதும் வீண், அங்கே வெளியிணைப்புகள் எல்லாமே நோஃபாலோ.

லிங்க் கிடைத்ததும் அந்தப் பக்கத்தின் சோர்ஸை (பின்னால் உள்ள நிரலை) திறந்து பாருங்கள். முகவரியை நேரடியாகச் சொல்லும் சாதாரண ஹெச்ரெஃப் லிங்க்காக இல்லாமல், சொடுக்கினால் ஸ்கிரிப்ட் ஓடும் பொத்தானாக இருந்தால் கூகுள் அதைப் பின்தொடரும் என்று நம்ப முடியாது. அந்தப் பக்கத்திலேயே நோஇண்டெக்ஸ் (கூகுள் பட்டியலில் சேர்க்காதே என்ற குறி) இருந்தாலும் பயன் குறைவு.

யாரென்றே தெரியாத குப்பைத் தளங்கள் உங்களுக்கு லிங்க் கொடுத்திருந்தால் பதற வேண்டாம்; அவற்றைப் பெரும்பாலும் கூகுளே ஒதுக்கிவிடும். முன்பு காசு கொடுத்து லிங்க் வாங்கியிருந்து, சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் (கூகுள் ஊழியர்களே பார்த்து விதிக்கும் தண்டனை) வந்திருந்தால் கதை வேறு. முதலில் கொடுத்தவர்களிடமே கேட்டு நீக்கச் சொல்லுங்கள். நீங்காதவற்றை மட்டும், இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸ்அவோ கோப்பில் போட்டு ஏற்றி, பிறகு மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்புங்கள். கோப்பில் கை தவறி நல்ல தளத்தின் பெயரைச் சேர்த்துவிட்டால் அந்த லிங்க்கின் பலனும் போய்விடும், ஆகவே ஏற்றும் முன் ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள்.