வேலை முடிந்த ராக்கெட் நிலையை அப்படியே விடக்கூடாது

விண்வெளிக் குப்பை என்றதும் பலருக்கும் பழுதாகிப்போன செயற்கைக்கோள்தான் நினைவுக்கு வருகிறது. அதை ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் கடைசி நிலை, அதாவது தனி எஞ்சினும் தொட்டியும் கொண்ட கடைசி அடுக்கு, யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் அதுவும் ஏறக்குறைய அதே பாதையில்தான் சுற்றுகிறது.

அதைக் காலி டப்பா என்று நினைத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தொட்டியில் கொஞ்சம் எரிபொருள் மிச்சம் இருக்கும், அழுத்தத்தில் அடைத்த வாயு இருக்கும், பேட்டரியில் மின்சாரமும் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும்போது வெயிலிலும் நிழலிலும் மாறி மாறிச் சூடாகிக் குளிர்கிறது. அழுத்தம் ஏறித் தொட்டி வெடிக்கலாம். தொட்டிகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவர் கசிந்து, ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் இரண்டு திரவங்கள் கலந்துவிடலாம். அமெரிக்காவின் டெல்டா ராக்கெட்டுகளின் இரண்டாம் நிலைகள் 1970-களிலேயே இப்படி வெடித்தன. அப்படியும் பாடம் எல்லா நாடுகளுக்கும் உடனே போய்ச் சேரவில்லை. 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி3-ன் நான்காம் நிலை, டிசம்பர் 19 அன்று சிதறியது. 300-க்கும் மேற்பட்ட துண்டுகள் விண்வெளிக் குப்பைகளின் கண்காணிப்புப் பட்டியலில் ஏறின. மிச்சமிருந்த எரிபொருள்தான் காரணம் என்று கருதப்படுகிறது. அடுத்த பி.எஸ்.எல்.வி.யிலிருந்து, வேலை முடிந்ததும் மிச்சத்தை வெளியேற்றிவிடும் முறையை இஸ்ரோ கொண்டுவந்தது. செலவு அதிகமில்லாத இந்த ஒரு வேலையை இன்றும் யாராவது விட்டுவிட்டால் அதை மன்னிக்கவே முடியாது.

சின்னத் துண்டுதானே என்று நினைப்பதும் தவறு. 1986-ல் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டின் மேல்நிலை ஒன்று வெடித்தது. பத்தாண்டு கழித்து, 1996 ஜூலையில், அதன் துண்டு ஒன்று பிரான்சின் செரீஸ் செயற்கைக்கோளில் மோதி, அது நிலைகுலையாமல் இருக்க உதவிய கம்பத்தையே வெட்டியெறிந்தது.

சரி, தானாகக் கீழே விழுந்துவிடாதா? அது உயரத்தைப் பொறுத்தது. 350 கி.மீ.யில் காற்றின் உராய்வு சில மாதங்களில் இழுத்துவிடும், 800 கி.மீ.க்கு மேலே போனால் நூற்றாண்டுகூட ஆகலாம். அதனால்தான் 2024 ஜனவரியில் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கி.மீ.யில் விட்ட பி.எஸ்.எல்.வி.-சி58-ன் நான்காம் நிலையை இஸ்ரோ 350 கி.மீ.க்கு இறக்கியது. அதை வெறுமனே விடாமல் சில ஆய்வுக் கருவிகளையும் அதில் இயக்கினார்கள். மார்ச் 21 அன்று அது வட பசிபிக் மேலே வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது.

இனிமேல் ஒழுங்காக ஏவினால் போதும் என்பதும் சரியல்ல. சுமார் 840 கி.மீ. உயரத்தில், சோவியத் காலத்திலும் அதற்குப் பிறகும் ஏவப்பட்ட ஜெனித் ராக்கெட்டுகளின் நிலைகள் ஒரு டஜனுக்கும் மேல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 9 டன். அவற்றுக்கு இனிக் கட்டளை அனுப்ப முடியாது. வேறொரு விண்கலம் போய்ப் பிடித்து இறக்க வேண்டும். ஜப்பானிய நிறுவனமான ஆஸ்ட்ரோஸ்கேலின் ஆட்ராஸ்-ஜே கலம் 2024-ல் ஒரு பழைய எச்-2ஏ ராக்கெட் நிலைக்கு 15 மீட்டர் அருகே வரை போய்ப் படம் எடுத்தது. பிடித்து இறக்கும் வேலை இன்னும் பாக்கி.