அடுக்குமாடி வீட்டில் பாலைவன விதை முளைக்க வைப்பது

சிங்கப்பூரில் கள்ளி விதை முளைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முளைப்பது இங்கே சுலபம். குளிர்நாட்டுக்காரர்கள் விதைத் தட்டுக்கு அடியில் சூடேற்றும் பாய் விரித்து, கண்ணாடிப் பெட்டியில் ஈரம் சேர்த்து அரும்பாடு படுவார்கள். நமக்கு வெப்பமும் ஈரமும் சன்னல் வழியாகச் சும்மா வருகின்றன. முளைத்ததைக் காப்பாற்றுவதில்தான் பாடு. அதிலும் பகல் வெயிலை விட இரவுதான் தொல்லை.

கள்ளி முதலிய சதைப்பற்றுள்ள பாலைவனச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் தோலில் உள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை இழுக்கும். அதை அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் சர்க்கரையாக்கும். பகலில் துளை திறந்தால் உள்ளே இருக்கும் கொஞ்ச நீரும் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. இரவு குளிர்ந்தால் இந்த வேலை நன்றாக நடக்கும். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. பிற்பகல் முழுக்க வெயில் குடித்த சுவர் நள்ளிரவிலும் கதகதவென்று இருக்கும். வெப்பமானி 27 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும். ஆகவே செடியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகை மட்டும் பார்க்காமல், அதன் சொந்த ஊரில் இரவு எப்படி இருக்கும் என்றும் பாருங்கள்.

அந்தக் கணக்கில் எனக்கு முதலிடம் மெலோகாக்டஸ் என்ற கள்ளி. கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் வளர்வது. சில வகைகள் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருப்பவை, எனவே சூடான இரவு அவற்றுக்குப் புதிதல்ல. வயதான செடியின் உச்சியில் கம்பளித் தொப்பி மாதிரி ஒன்று வளரும். அதற்குள்ளிருந்து இளஞ்சிவப்புப் பழங்கள் ஒவ்வொன்றாகப் பிதுங்கி வெளியே வரும். பெரும்பாலான வகைகளில் ஒற்றைச் செடியே தன் மகரந்தத்தால் விதை பிடித்துவிடும். தொப்பி வைத்த செடி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் ஒரு பழம் கேட்டு வாங்குங்கள். அதைவிடப் புதிய விதை எந்தக் கடையிலும் கிடைக்காது. பழத்தை நசுக்கி, டீ வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் வழவழப்புப் போகும்வரை கழுவி, காகிதத்தில் நிழலில் உலர்த்த வேண்டும். அந்த வழவழப்பு ஒட்டியிருந்தால் பூஞ்சைக்கு விருந்து.

அடுத்தது அடீனியம், அதாவது பாலைவன ரோஜா. சீனப் புத்தாண்டுக்குப் பானை பானையாக விற்பார்களே, அதேதான். ஆப்பிரிக்காவும் அரேபியாவும் அதன் பூர்வீகம். அஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டீரியஸ் மெக்சிகோ, டெக்சாஸ் பக்கத்துக் கள்ளி. முள்ளே இல்லாமல், வெள்ளைப் புள்ளிகளோடு தட்டையாக உட்கார்ந்திருக்கும். நம் வெப்பத்தில் சில நாட்களிலேயே முளைத்துவிடும். தடித்த தண்டுள்ள மடகாஸ்கர்ச் செடி பாக்கிப்போடியமும் ஒத்துவரும். பந்து மாதிரி இருக்கும் தென்னாப்பிரிக்காவின் யூஃபோர்பியா ஒபீசா கொஞ்சம் கவனம் கேட்கும், ஆனால் முடியும். தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் 1903இல் இதற்குப் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு ஆசைப்பட்டவர்கள் எல்லாம் காட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், கேண்ட்ரூ ஊரைச் சுற்றியுள்ள அதன் இடத்தில் அரிதாகிவிட்டது. இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் விதையில் வளர்த்தவை. அரிய செடி வேண்டுமென்றால் விதையில் வளர்ப்பதுதான் கௌரவமான வழி என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதை வாங்கும்போது படத்தை நம்பாதீர்கள். கூழாங்கல் மாதிரி இருக்கும் லித்தாப்ஸ் செடியின் விதையை இணையத்தில் பளீர் நீலத்திலும் ஊதாவிலும் படம் போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு செடி பூமியில் இல்லை. அறிவியல் பெயரும், விதை எடுத்த ஆண்டும் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். அடீனியம் விதை பழசானால் முளைக்கும் சக்தி மளமளவென்று குறையும். கள்ளி விதையோ உலர்வாகக் குளிர்பெட்டியில் வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் முதலில் தேசியப் பூங்காக் கழகத்திடம் விதிகளைக் கேளுங்கள். கள்ளிக் குடும்பம் அநேகமாக முழுவதுமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. நான் மேலே சொன்ன ஆஸ்டீரியஸ் அதன் முதல் இணைப்பில், அதாவது மிகக் கடுமையான பிரிவில் இருக்கிறது. ‘தபாலில் வந்துவிடும், கவலைப்படாதீர்கள்’ என்று விற்பவர் சொல்வது அனுமதி ஆகாது.

சரி, மண். பொட்டலத்தில் வரும் சாதாரணத் தோட்ட மண் வேண்டவே வேண்டாம். அது நம் ஊர்க் காற்றில் வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். நான் போடுவது பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் இரண்டு பங்கு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணை ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு. கல்லை இரண்டு சல்லடையில் சலிக்க வேண்டும். மாவு சலிப்பதில் கீழே விழும் தூசியை எறிந்துவிடுங்கள். தூசி அடியில் போய்ச் சேறாகி வேரை அடைக்கும். ரவை சலிப்பதில் விழும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்க் குருணைதான் விதைக்கு ஏற்றது. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், இந்தச் சல்லடைகள் எளிதாகக் கிடைக்கும். தென்னைநாரை வாங்கியதும் இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள், உப்பு இருக்கும். கடற்கரை மணலும் அதே காரணத்தால் ஆகாது.

கலவையை அப்படியே பயன்படுத்தாமல் அவித்துவிட வேண்டும். அம்மா கழித்துவிட்ட பழைய இட்லிப் பானை எனக்கு இதற்கு உதவுகிறது. கலவையை லேசாக நனைத்து, துணியில் தளர்வாகக் கட்டி, ஆவி வந்த பிறகு அரைமணி நேரம் வைத்தால் பூஞ்சை வித்துகளும் பூச்சி முட்டைகளும் பெரும்பாலும் ஒழியும். வீடு முழுக்க மழைக்கால மண் வாசம் அடிக்கும், குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பானையில் மறுபடி இட்லி ஊற்றக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டிக்கு ஐந்தாறு செண்டிமீட்டர் உயரச் சதுரப் பிளாஸ்டிக் தொட்டி போதும். வெந்நீரில் கழுவி, கலவையை விளிம்புக்கு ஒரு விரல் கீழேவரை நிரப்புங்கள். கொதித்து ஆறிய நீரில் உட்காரவைத்து, மேல்பரப்பு கருத்து வரும்வரை கீழிருந்து உறிஞ்சட்டும். அப்புறம் வெளியே எடுத்து வடியவிடுங்கள். விதைகளை மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பத்து நிமிடம் ஊறவைத்து எடுத்தால் நல்லது.

ஆஸ்டீரியஸ் விதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பழுப்பும் கருப்பும் கலந்த பளபளப்பு, ஒரு பக்கம் குழிந்து கவிழ்த்த தொப்பி போலிருக்கும். குழிக்குள் காற்று நிற்பதால் நீரில் மிதக்கும். நனைந்த பல்குத்தி நுனியால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றுக்கொன்று ஒரு செண்டிமீட்டர் விட்டு மேற்பரப்பிலேயே வையுங்கள். மண் மூடாதீர்கள், வெளிச்சம் பட வேண்டும். முளைக்கும்போது ஓடு பிளந்து, பச்சை மணி ஒன்று வெளியே வரும். சிலவற்றில் வேர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நீண்டு கிடக்கும். பல்குத்தியால் பக்கத்தில் ஒரு குழி போட்டு, வேரை மெதுவாக உள்ளே தள்ளி, இரண்டு குருணையை அணைத்துவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். பிடித்து இழுக்கக் கூடாது, அந்த வேர் நூலை விட மெலிது.

விதைத்த தொட்டியை அப்படியே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். தபாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்கிய உயரமான தெளிந்த டப்பாவும் சரிதான், நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தால். உள்ளே நீர்த்துளி கட்டிக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். பையை நேர் வெயிலில் வைத்தால் அரைமணியில் விதை வெந்துவிடும். வெளிச்சமான நிழல் வேண்டும், அல்லது ஒரு எல்இடி விளக்கை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 12 மணி நேரம். நாற்று சிவந்தால் வெளிச்சம் அதிகம், ஒல்லியாக நீண்டால் குறைவு. அடீனியத்துக்கு இந்தப் பையெல்லாம் வேண்டாம். அதன் விதை சின்னக் குச்சி மாதிரி, இரு முனையிலும் குஞ்சம் வைத்தது. குஞ்சத்தைக் கிள்ளிவிட்டுப் படுக்கவைத்து, மேலே குருணை தூவுங்கள். ஒரு வாரத்துக்குள் தலை தூக்கும். அடீனியத்தின் பால் நஞ்சு, ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியது. யூஃபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் வெகு மோசம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.

பையை எப்போது திறப்பது? நம் ஊரில் நாற்றுகள் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வெளிநாட்டு வழிகாட்டிகளில் ஆறு மாதம், ஒரு வருடம் என்றெல்லாம் போட்டிருக்கும். அங்கே வெளிக்காற்று வறண்டது, பையை விட்டு வந்தால் நாற்று காய்ந்துவிடும். நமக்கு வெளியிலேயே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பையில் நீண்ட நாள் இருந்தால் பூஞ்சையும் பாசியும்தான் லாபம். கள்ளி நாற்றில் முதல் முள்ளோ முடியோ தெரிந்ததும் நான் திறக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் ஒரு மூலை, மறுநாள் பாதி, ஒரு வாரத்தில் முழுக்க. திறந்த கணத்திலிருந்து காற்றோட்டம் கட்டாயம். யூஎஸ்பி மின்விசிறி ஒன்றை மிகக் குறைந்த வேகத்தில், சுவரில் பட்டுத் திரும்பி வருமாறு வையுங்கள். நாற்றின் அடி கண்ணாடி மாதிரி ஆகிச் சாய்ந்தால் அதையும் சுற்றியுள்ள மண்ணையும் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, அந்த இடத்தை இரண்டு நாள் காயவிடுங்கள். ஒன்றைக் காப்பாற்றப் பார்த்தால் தொட்டியே போய்விடும்.

திறந்த பிறகு தண்ணீர் கீழிருந்துதான். தட்டில் ஊற்றி இருபது நிமிடம், அவ்வளவுதான். தட்டைக் கவிழ்த்து, உள்பக்கம் தேய்த்துத் துடைத்து வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய நீர் போதும். அதன் முட்டை காய்ந்த விளிம்பிலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும், ஆகையால் கொட்டினால் மட்டும் போதாது. தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது பூந்தொட்டித் தட்டைத்தான், அபராதமும் உண்டு.

வீட்டில் எந்த இடம்? நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கில் இருக்கும் ஊர் இது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை சூரியன் வடபக்கமாகப் போகும், மீதி ஆறு மாதம் தென்பக்கமாக. ஜூனில் நன்றாக வெயில் அடித்த வடக்குத் தாழ்வாரம் டிசம்பரில் இருண்டு கிடக்கும். தட்டை ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பொதுத் தாழ்வாரத்தில் வைத்தால் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீப்பாதுகாப்பு விதி. கைப்பிடிச் சுவரின் மேல் வைப்பதை யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

லித்தாப்ஸ் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். அதன் விதைப்பெட்டி மழைத்துளி பட்டால் நட்சத்திரமாக விரிந்து, அடுத்த துளி விதைகளைத் தெறிக்கவிடும், காய்ந்ததும் மூடிக்கொள்ளும். உலர்ந்த பெட்டி கிடைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே திறக்கும். விதை தூசி மாதிரி. டிசம்பர், ஜனவரி மழைக்காலம்தான் நமக்கு இருக்கும் குளிர்காலம். அப்போது விதையுங்கள், ஓரிரு வாரத்தில் முளைக்கும், முளைத்ததும் பையைத் திறந்துவிடுங்கள். அப்புறம் இரவில் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் விளக்கடியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மகளின் அறை, வாடகையாக மாதம் ஒரு பபிள் டீ. அப்படி வைத்தும் பாதிக்கு மேல் போகும். கரையோரப் பூந்தோட்டங்களின் மலர்க்கூடத்தில் பாலைவனச் செடிகள் ஜம்மென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே 23 முதல் 25 டிகிரிதான்.

நாற்றுகள் ஒன்றையொன்று இடிக்கும்போது பிரித்து நடலாம், அதுவரை அவசரம் இல்லை. நெருக்கமாக இருந்தால்தான் நன்றாக வளர்கின்றன என்பது என் எண்ணம். உரம் கால்பங்கு வலுவில் மாதம் ஒருமுறை. பொறுமை இல்லாதவர்கள் கள்ளி நாற்றை டிராகன் பழக் கொடியில் ஒட்டுக்கட்டுகிறார்கள். அந்தக் கொடி இங்கே களை மாதிரி வளர்வதால் நன்றாகவே வரும், ஆனால் செடி ஊதிப்போய் அதன் இயல்பான அழகு கெடும், எனக்குப் பிடிப்பதில்லை. ஒபீசா பூக்கும் வயது வந்தால் ஆண் ஒன்று, பெண் ஒன்று வேண்டும், ஒரே செடியில் இரண்டும் இராது. காய் முற்றினால் வெடித்து மூன்று விதைகளையும் எங்கேயோ வீசிவிடும். பழைய காலுறையிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் செடியின் மேல் மாட்டி வையுங்கள்.

பெயர்ச் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். மார்க்கர் மை நம் வெயிலில் வெளுத்து, எது எந்தச் செடி என்று தெரியாமல் போகும்.