ஜப்பான் பயணம்: பெட்டியில் எந்த மின்சாதனத்தை வைக்கக் கூடாது?

ஒசாகாவில் ஒரு விடுதி அறை, இரவு எட்டரை மணி. சென்னையிலிருந்து கொண்டுபோன சின்ன எலெக்ட்ரிக் குக்கரில், அங்கே கடையில் வாங்கிய ஓர் ஆழாக்கு அரிசி ஒரு மணி நேரமாக ஊறிக்கொண்டிருந்தது. வெந்துகொண்டிருந்தது என்று சொன்னால் பொய். விளக்கு எரிந்தது, பாத்திரம் வெதுவெதுவென்று இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் ரொட்டி வாங்கிவந்து புளிக்காய்ச்சலைத் தடவிச் சாப்பிட்டுப் படுத்தோம்.

குக்கரைக் குறை சொல்ல முடியாது. நம் வீட்டுச் சாக்கெட்டில் வருவது 230 வோல்ட்; ஜப்பானில் 100 வோல்ட். சூடாக்கும் கருவிகளில் மின்னழுத்தம் பாதியானால் வெப்பம் கால்வாசியாகிவிடும். அந்தக் கணக்கில் நம் ஊரின் 700 வாட் குக்கர் அங்கே ஏறக்குறைய 130 வாட்தான் தரும். சாதம் எப்படி வேகும்? கெட்டில், இஸ்திரிப்பெட்டி, முடி உலர்த்தும் கருவி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கெட்டிலும் உலர்த்தியும் ஜப்பானிய விடுதிகளில் பெரும்பாலும் அறையிலேயே இருக்கும். அறைக்குள் சமைப்பதைப் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குக்கர் பெட்டியில் ஏற நியாயமே இல்லை.

“அடாப்டர் இருக்கிறதே” என்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் சொன்னேன். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தைத் தொடாது. அதை மாற்ற டிரான்ஸ்பார்மர் வேண்டும். குக்கரைத் தாங்கும் அளவுக்கு ஒன்று வாங்கினால், அதைத் தூக்கவே ஓர் ஆள் தேவைப்படும். ஆகவே எதைப் பெட்டியில் வைக்கும் முன்னும் அதன் சார்ஜரைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் ‘இன்புட்’ வரியைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் கவலையே இல்லை. செல்பேசி, மடிக்கணினி, கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். 220–240 என்று மட்டும் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பழைய டிரிம்மர்கள் பல இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஒரு வேடிக்கை: டோக்கியோ பக்கம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 50 அலைவுகள்), ஒசாகா பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கில் ஜெர்மன் ஜெனரேட்டரையும் மேற்கில் அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதன் மிச்சம் இது. உங்கள் சார்ஜர் இதைக் கண்டுகொள்ளாது.

அடாப்டர் வாங்குவதிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஜப்பானியச் சாக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு தட்டைத் துளைகள் மட்டுமே இருக்கும். ‘அமெரிக்கா, ஜப்பான்’ என்று எழுதி விற்கும் அடாப்டரில் மூன்றாவதாக ஓர் உருண்டைப் பின் நீட்டிக்கொண்டிருந்தால் அது உள்ளே போகாது. நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு சார்ஜர்களும் ஒரே அடாப்டரும் எடுத்துப் போவது அடுத்த பிழை. சிறிய அறையில் சாக்கெட்டுக்கு நடக்கும் சண்டையைப் பார்த்திருக்கிறேன். பல யுஎஸ்பி துளைகள் கொண்ட 65 வாட் சார்ஜர் ஒன்று போதும்.

பவர் பேங்க் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. அதைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். அளவு அச்சிடாத மலிவுச் சரக்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்க நேரலாம். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படவிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதன்பின் விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில், தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்காமல் கண்பார்வையில் வைத்திருக்கச் சொன்னது ஜப்பான். சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர் வழியாகத்தான் போகிறார்கள். ஏறப்போகும் ஒவ்வொரு விமான நிறுவனத்தின் விதியையும் கிளம்பும் வாரத்தில் பார்த்துவிடுங்கள். மின்சிகரெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

செல்பேசியில் நேரும் தவறு வேறு மாதிரி. அங்கே போய் இறங்கியதும் நம் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிட்டு உள்ளூர் சிம்மை மாட்டுவார்கள். சாயங்காலம் கார்டில் ரயில் டிக்கெட் எடுக்கப் போனால், வங்கியின் ஓடிபி அந்தப் பர்ஸுக்குள் கிடக்கும் எண்ணுக்குப் போகும். கிளம்பும் முன்பே இங்கே ரோமிங்கை இயக்கிவிடுங்கள். இந்திய எண் குறுஞ்செய்திக்கு, இ-சிம் (அட்டை இல்லாமல் செல்பேசிக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) இணையத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்பேசி இ-சிம்மை ஏற்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இங்கே வாங்கிய ஆண்ட்ராய்டு செல்பேசிகள் பெரும்பாலானவற்றில் சுயிகா என்ற பயண அட்டையைச் செல்பேசிக்குள் ஏற்ற முடியாது, அட்டையாகவே வாங்கிக்கொள்ளலாம்.

மடிக்கணினியா? வேலை பார்ப்பேன் என்று எடுத்துப்போன யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. விலையுயர்ந்த கேமராவும் லென்ஸும் கொண்டு போகிறவர்கள், புறப்படும் முன் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது “எங்கே வாங்கியது?” என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். ட்ரோன் வேண்டாம். ஜப்பானில் 100 கிராமுக்குக் குறையாத ட்ரோனைப் பதிவு செய்யாமல் பறக்கவிட முடியாது. அங்கே வாங்கி வரலாம் என்றாலும் வழியில்லை. 2022 பிப்ரவரி முதல் இந்தியா வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்திருக்கிறது.

திரும்பும் வழியில், டோக்கியோவின் மின்சாதனக் கடைத்தெருவான அகிஹபாராவின் கடைகளில் அழகழகான ரைஸ் குக்கர்கள் கண்ணைப் பறிக்கும். பட்ட அனுபவத்தால் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் 100 வோல்ட்டுக்குச் செய்த குக்கரை நம் சாக்கெட்டில் செருகினால், தாங்க வேண்டியதைப்போல் ஐந்து மடங்கு சுமை ஏறிக் கருகிவிடும். 220–240 வோல்ட் மாடல்களை வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்டு வாங்குங்கள், பணம் கொடுக்கும் முன் குக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.